குண்டு ரூமில் பதினேழாம் எண்

அந்த அறைக்குள் நேராக நுழைய முடியாது. ஏழு படி இறங்கினால் முகத்துக்கு எதிரே ஒரு சுவர். இடப்பக்கம் திரும்பி நான்கு அடி நடந்து, மறுபடி வலப்பக்கம் திரும்பினால்தான் உள்ளே இருக்கும் நீளமான கூடம் தெரியும். தோளில் மூட்டையோடு இந்த வளைவில் திரும்புகிறவர்கள் அதைக் கட்டிய கொத்தனாரைத் திட்டாமல் திரும்பியதில்லை. வாசலை வைக்கத் தெரியாமல் வைத்துவிட்டான் என்பதுதான் மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தின் தீர்மானம்.

இப்போது படிக்கட்டின் தலைப்பில் ஒரு பலகை நிற்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பொதுமக்கள் பதுங்குவதற்காகக் கட்டப்பட்ட அறை இது, பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடம் என்று அது சொல்கிறது. மொத்தம் நான்கு வரி. எழுதி வந்தபோது ஏழு வரி இருந்தது. மூன்று வரி குறைந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

நான் செய்தித்தாளில் வேலை பார்த்தவன். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்திலிருந்து வரும் செய்திகளைச் சரிபார்த்து அனுப்புவது கடைசி ஆண்டுகளில் என் வேலை. ஓய்வு பெற்றபின் திண்டிவனத்தில் இருக்கிறேன். ஓர் ஐப்பசி மாதக் காலையில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை நிறையப் பச்சை மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. வேரில் மண் ஒட்டிய செடியோடு இருந்தது. கோலியனூர்ப் பக்கத்தில் பழைய எண்ணெய் மில் இருந்த இடம் தங்களுடையது என்றார். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மில் ஓடி நின்று எத்தனையோ காலம் ஆகியும் சுற்றுவட்டாரத்தில் அவரை ‘மில்லுக்காரம்மா’ என்றுதான் சொல்கிறார்கள். மில்லில் இப்போது இருப்பது சிமெண்டுத் தளமும் புகைபோக்கியின் அடிப்பாகமும்தான். பிழைப்பு, மில்லுக்குப் பின்னால் இருக்கும் மூன்று காணி நிலத்தில்.

“கல்லு நட்டுட்டாங்க சார்” என்றார், உட்காருவதற்கு முன்பே. “கெணத்துக்கு அந்தாண்ட ஒன்னு, இந்தாண்ட ஒன்னு. கெணறு நடுவுல மாட்டிக்கினு நிக்குது.”

புதுச்சேரிச் சாலையோடு சேர்க்க ஓர் இணைப்புச் சாலை வருகிறது. அதன் பாதை மில்லின் பின்கட்டு வழியாகப் போகிறது. நிலம் போனால் நஷ்டஈடு கிடைக்கும். கிணறு கிடைக்காது. அவர்கள் இரண்டு தடவை போர்வெல் போட்டுப் பார்த்தார்கள். முதல் தடவை தண்ணீர் இல்லை. இரண்டாம் தடவை வந்த தண்ணீரில் கேப்பை நாற்றுகூடக் கருகிவிட்டது. மூன்று காணிக்கும் அந்த ஒரு கிணறுதான்.

ஆட்சியர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் அவருக்கு ஒரு வழி சொல்லியிருந்தார். பாதையில் வரலாற்றுக் கட்டடம் ஏதாவது இருந்து, அது தொல்லியல் துறையின் பட்டியலில் ஏறிவிட்டால், பாதையை இருபது அடி வடக்கே தள்ளுவார்கள். கிணற்றை ஒட்டினாற்போல மண் மூடிய ஓர் அறை உண்டு. அதை அவர்கள் ‘குண்டு ரூம்’ என்பார்கள். மில்லுக்காரம்மா அதைச் சொல்லி மனுக் கொடுத்தார். வந்த பதிலைத்தான் என்னிடம் நீட்டினார். கட்டடம் விதை சேமிக்கும் கிடங்காகத் தோன்றுகிறது, போர்க்காலப் பதுங்கிடம் என்பதற்கு ஆதாரம் இருந்தால் நேரில் பார்வையிடும்போது காட்டவும் என்று எழுதியிருந்தது.

“நீங்க பேப்பர்ல இருந்தவரு. அது குண்டு ரூம்தான்னு நல்லா அழுத்தி ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க” என்றார்.

பார்க்காமல் எழுத மாட்டேன் என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “அப்ப வந்து பாருங்க” என்று பையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

அடுத்த வாரம் போனேன். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு மண்மேடு. மேலே புல்லும் இரண்டு நொச்சிச் செடியும். மேட்டிலிருந்து மூன்று இரும்புக் குழாய்கள் முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன. எலி இறங்காமலிருக்க ஒவ்வொன்றின் வாயிலும் ஓட்டை போட்ட டப்பா கவிழ்த்திருந்தது. வளைவில் திரும்பி உள்ளே போனதும் முதலில் தெரிந்தது குளிர்ச்சி. வெளியே இருந்த வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. செல்பேசி வெளிச்சத்தில் அளந்தேன். முப்பது அடி நீளம், ஆறரை அடி அகலம். கூரை செங்கல் வளைவு. இரண்டு பக்கச் சுவரை ஒட்டியும் முழு நீளத்துக்குச் செங்கல் திண்டு, ஒன்றேகால் அடி அகலம். அந்தத் திண்டுகளின்மேல் கூரை வரைக்கும் மூட்டைகள் அடுக்கியிருந்தன. எல்லாம் சித்திரையில் பிடுங்கிய மல்லாட்டையில் பொறுக்கிய விதைக்காய். மார்கழியில் உடைத்து விதைப்பார்கள்.

ஆதாரம் கேட்டவர்களின் சந்தேகம் எனக்குப் புரிந்தது. அந்த அறையில் இருந்த ஒவ்வொன்றும் விதைக்கென்றே செய்தது போல இருந்தது. குழாய் காற்றுக்கு. திண்டு, மூட்டையில் தரையின் ஈரம் ஏறாமலிருக்க. தடித்த சுவர் குளிர்ச்சிக்கு. அதே குழாய், அதே திண்டு, அதே சுவர், நாற்பது பேர் மூச்சுவிட்டுக்கொண்டு உட்காருவதற்கும் பொருந்தும். எதை முதலில் நினைத்தோமோ அதையே கண் பார்க்கும். வாசலின் வளைவு ஒன்றுதான் கிடங்குக் கணக்கில் சேரவில்லை. மூட்டை தூக்குகிறவனுக்கு அப்படி ஒரு வாசலை யாரும் கட்ட மாட்டார்கள். வெளியே குண்டு வெடித்தால் அதன் வேகமும் சிதறலும் நேராக உள்ளே வராமலிருக்கத்தான் பதுங்கிடங்களில் அப்படி மறைப்புச் சுவர் வைப்பார்கள். ஆனால் அது ஊகம். ஊகத்தைச் செய்தியில் சேர்க்கலாம், தலைப்பில் போட முடியாது.

திரும்பும்போது நடுவில் ஒரு மூட்டைக்குமேல், கூரை வளையத் தொடங்கும் இடத்தில், சுவரில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. விரல் நீளத்துக்கு ஒரு வளைந்த கோடு. மீதி மூட்டைக்குப் பின்னால் இருந்தது. இது என்ன என்று கேட்டேன்.

“அது ஏதோ நம்பரு. நான் கல்யாணமாகி வந்தப்பவே இருந்துச்சு. மில்லு காலத்துல மூட்டைக்குப் போட்டிருப்பாங்க” என்றார்.

எத்தனை எண்கள் என்று கேட்டேன். எண்ணிப் பார்த்ததில்லை. அறைக்குள் விளக்கு கிடையாது. டார்ச்சோடு போவது, மூட்டையை வைப்பது, வருவது, அவ்வளவுதான். அந்த மூட்டையை மட்டும் நகர்த்த முடியுமா என்றேன். விதைக்காயைப் பட்டத்துக்கு முன்னால் புரட்டினால் தோல் உடைந்து முளைப்பு போய்விடும் என்று சொல்லிவிட்டார். கிணற்றுக்காகத்தான் கேட்கிறேன் என்று நினைவுபடுத்தினேன்.

“கெணறு இருந்து வெதை இல்லன்னா இன்னா சார் பண்றது?”

மார்கழியில் அறை காலியானதும் சொல்லியனுப்புங்கள், வந்து முழுச் சுவரையும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நடுவில் இருந்த நாட்களில் இரண்டாவது சாட்சி ஒன்றைத் தேடினேன். கோட்டக்குப்பத்தில் ஒரு பெரியவர் இருந்தார். அவருடைய தகப்பனார் இந்த மில்லில் எண்ணெய் பிடித்துக் கடலோர ஊர்களில் விற்றவர். போர்க்காலத்தில் மில் சங்கு வழக்கத்துக்கு மாறாக விட்டு விட்டு ஊதினால் வேலை ஆட்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அந்த அறைக்குள் இறங்க வேண்டும் என்று ஏற்பாடு இருந்ததாம். எண்ணெய் வாங்கப் போன இடத்தில் தகப்பனாரும் ஒரு தடவை இறங்கியிருக்கிறார். உள்ளே எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்தார்களாம். எனக்கு உற்சாகமாக இருந்தது. நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

“நான் அப்ப பொறக்கவே இல்லயே பாய். அத்தா சொல்லிக் கேட்டதுதான்” என்றார் அவர். வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பிய பேரீச்சம்பழத்தை என் பக்கம் தள்ளினார். இரண்டையும் வாங்கிக்கொண்டேன். பழத்தைச் சாப்பிட்டேன், தகவலைக் குறிப்பேட்டில் ‘கேள்விப்பட்டது’ என்ற தலைப்பின்கீழ் எழுதினேன்.

மார்கழிக் கடைசியில் விதைக்காய் வெளியேறியது. அந்தச் சமயம் பார்த்து எனக்குக் காய்ச்சல். எழுந்து நடமாடப் பத்து நாள் ஆகிவிட்டது. செல்பேசியில் சுவரைப் படம் எடுத்து அனுப்பும்படி மில்லுக்காரம்மாவிடம் சொன்னேன். படம் வந்தது. முழுக்கக் கறுப்பு. ஓரத்தில் அவருடைய விரல். பரவாயில்லை, அதிகாரி வரும் நாளில் நானும் வந்துவிடுகிறேன், சுவரில் இருப்பதை இருவரும் ஒன்றாகவே பார்க்கலாம் என்றேன். பொங்கலுக்கு நான்காம் நாள் காலை பத்து மணிக்கு வருவதாக அதிகாரி தெரிவித்திருந்தார். அந்தத் தேதியை மில்லுக்காரம்மாவுக்குச் சொன்னவனும் நான்தான்.

இந்த இடத்தில் என் பிழையைச் சொல்ல வேண்டும். எத்தனையோ ஆண்டுகள் இந்த வட்டாரத்தின் சாலைகளில் பேருந்தில் போய் வந்தவன் நான். ஓர் ஊருக்கு அதிகாரி வரப்போகிறார் என்பதை நிகழ்ச்சி நிரலைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். சாலையோரக் கற்கள் வெள்ளையாக இருக்கும். புளியமரங்களுக்கு இடுப்பு வரை சுண்ணாம்பு ஏறியிருக்கும். பள்ளிக்கூடச் சுவர் ஈரம் காயாமல் நிற்கும். யார் வருகிறார், எதைப் பார்க்க வருகிறார் என்பதெல்லாம் அப்புறம். முதலில் சுண்ணாம்பு வாங்க ஆள் போய்விடும். இது தெரிந்திருந்தும், சுவரைத் தொடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். படிக்கட்டில் கோலம் போட்டிருந்தது. வளைவில் திரும்பியபோதே மூக்கில் சுண்ணாம்பு வாசனை ஏறியது. உள்ளே ஒரு நீண்ட வயரில் விளக்குக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அறை, தரையிலிருந்து கூரை வரைக்கும், லேசான நீலம் கலந்த வெள்ளையில் பளபளத்தது. நான் சிவப்புக் கோட்டைப் பார்த்த இடத்தைத் தேடினேன். அந்த இடம் எது என்றே தெரியவில்லை.

“எப்படிக் கீது சார்?” என்றார் மில்லுக்காரம்மா. புதுப் புடவை கட்டியிருந்தார். “வருசா வருசம் வெதை போனப்புறம் தரைக்கும் திண்டுக்கும் மட்டுந்தான் அடிப்போம், பூச்சி வராம. இந்தத் தபா சொவத்துக்கும் மூனு பூச்சு அடிக்கச் சொன்னேன். மரக்காணத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பு.”

அந்த எண்கள் எங்கே என்று கேட்டேன். கேட்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்திலிருந்து புதுப் புடவையின் சந்தோஷம் போய்விட்டது. திண்டில் உட்கார்ந்தார்.

“அதான் சாட்சின்னு நீங்க சொல்லவே இல்லியே சார்.”

சொல்லவில்லைதான். பார்க்கிறேன் என்று சொன்னேனே தவிர, எதற்காக என்று சொல்லவில்லை.

சுண்ணாம்பு அடித்தவர், விட்டுப்போன வாளிகளை எடுத்துப் போக வந்து, படிக்கட்டுக்கு மேலே அவற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டுச் சுரண்டினால் வருமா என்று கேட்டேன். சுரண்டினால் அடியில் இருக்கும் பழைய காவியும் சேர்ந்து வந்துவிடும் என்றார். மேற்கொண்டு பேச நேரம் இல்லை. வெளியே ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது.

வந்த ஆய்வாளர் முப்பது வயதைத் தாண்டாத பெண். தோளில் ஒரு பை, கையில் அளவு நாடா. அந்த வாரம்தான் பிரம்மதேசம் கோயிலில் கல்வெட்டுகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஆயிரம் வருடத்துக்கு முந்தின எழுத்தைத் தடவிப் படித்துவிடுகிறவர். எண்பது சொச்ச வருடத்துச் செங்கல் அறையில் படிப்பதற்கு அவருக்கு ஒன்றும் இல்லை. வளைவை அளந்தார். குழாய்களை எண்ணினார். கூரையின் தடிமனைக் குழாய் வழியாகக் கம்பி விட்டுப் பார்த்தார். நல்ல வேலைக்காரி என்பது தெரிந்தது. பிறகு சுவரைப் பார்த்து, “எப்ப வெள்ளை அடிச்சீங்க?” என்றார்.

“மூனு நாளாச்சு மேடம். நீங்க வர்றீங்கன்னுதான்” என்றார் மில்லுக்காரம்மா.

ஆய்வாளர் சிரிக்கவில்லை. எங்கே போனாலும் இதுதான் நடக்கிறது என்று மட்டும் சொன்னார். சுவரில் எண்கள் இருந்தன என்று நான் சொன்னேன். நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார். ஓர் எண்ணின் மேல்பாகத்தைப் பார்த்தேன், அது எண் என்பதும் இந்த அம்மா சொல்லித்தான் தெரியும் என்றேன். அவர் எழுதிக்கொண்டதை ஓரக்கண்ணால் பார்த்தேன். நான் கோட்டக்குப்பத்துப் பெரியவர் சொன்னதை எந்தத் தலைப்பில் எழுதினேனோ, அதே போன்ற ஒரு தலைப்பில்தான் என்னையும் எழுதினார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருந்த சுண்ணாம்புக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார்.

“நம்பரு இருந்துச்சு மேடம். அடிக்கும்போது பாத்தேன். சுண்ணாம்பு ஈரமா இருக்கச்சொல்லோ அடியில இருக்கிறது பளிச்சுனு தெரியும். காயக் காயத்தான் மறையும். மறுபடி தண்ணி பட்டா கொஞ்ச நேரத்துக்குத் தெரியும்.”

“மூனு பூச்சுக்கு அடியிலயா?” என்று ஆய்வாளர் கேட்டார்.

சுண்ணாம்புக்காரர் மில்லுக்காரம்மாவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

“ஏம்பா, கேக்கறாங்க இல்ல? சொல்லு.”

“அந்தக் கோடியில மூனு அடிக்கலக்கா” என்றார் கடைசியில். “அன்னிக்கி லைட்டு போட்டுத் தரல நீ. ஒரே புழுக்கம், மூச்சு முட்டிக்கிச்சு. அவ்ளோ உள்ள யாரு வந்து பாக்கப் போறாங்கன்னு ஒரு பூச்சோட வுட்டுட்டேன்.”

மில்லுக்காரம்மா அவரைப் பார்த்த பார்வையில் மூன்று பூச்சுக்கான கோபமும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. “மேல வா, உன்ன அப்பால பேசிக்கறேன். இப்ப போயி கெணத்துல ஒரு கொடம் தண்ணி மொண்டுக்கினு வா. ஜல்தி.”

சுவரில் தண்ணீர் வீசலாமா என்று ஆய்வாளர் யோசித்தார். பிறகு வீச வேண்டாம், துணியை நனைத்து ஒற்றுங்கள், ஒரு சாண் இடத்தில் மட்டும் என்றார். தானே துணியை வாங்கிக்கொண்டார். கோடிச் சுவரை ஒட்டி, இடப்பக்கச் சுவரில், உட்கார்ந்திருப்பவரின் தலைக்குச் சற்று மேலே வரும் உயரத்தில் ஒற்றினார். வெள்ளை முதலில் சாம்பல் நிறமானது. சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து காவிக் கோடு ஒன்று மெல்ல மேலே வந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு வட்டம். இருபது.

துணியை வாசல் பக்கமாக நகர்த்தினார். பத்தொன்பது. பிறகு பதினெட்டு. பிறகு பதினேழு. அதற்கடுத்த இடத்தில் ஒன்றும் வரவில்லை. மூன்று பூச்சு அங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும். எதிர்ச் சுவரில் கோடியிலிருந்து ஒற்றினார். இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்று. அதோடு நின்றது. இடப்பக்கம் போய், கோடியில் திரும்பி, வலப்பக்கம் வருகிற ஒரு வரிசை. பஸ்ஸில் இருக்கை எண் போட்டது போல.

ஆய்வாளர் அவசரமாகப் படம் எடுத்தார். அவர் எடுத்துக்கொண்டிருக்கும்போதே இருபது மங்கத் தொடங்கியது.

“மூட்டைக்கும் நம்பர் போடலாமே?” என்றார் என்னைப் பார்த்து. எதிர்ப்பதற்காகக் கேட்கவில்லை. எல்லாப் பக்கமும் தட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

நான் நாடாவின் ஒரு முனையைப் பதினேழின் நடுவில் பிடித்தேன். அவர் பதினெட்டின் நடுவுக்கு இழுத்தார். பதினேழரை அங்குலம். மற்றவையும் அப்படியே, அரை அங்குலம் முன்பின்னாக. மில்லுக்காரம்மா வெளியே போய் ஒரு காலிச் சாக்கைக் கொண்டுவந்து திண்டின்மேல் விரித்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. சாக்கு ஒன்றரை எண்ணை அடைத்துக்கொண்டது. நிரப்பிப் படுக்கவைத்தால் இரண்டு எண்ணையும் தாண்டும்.

“எங்க மூட்டை எதுவும் இதுக்குள்ள அடங்காது மேடம்” என்றார்.

ஆய்வாளர் சாக்கை எடுத்துவிட்டுப் பதினேழுக்குக் கீழே உட்கார்ந்தார். பிறகு மில்லுக்காரம்மாவின் கையைப் பிடித்துப் பதினெட்டில் உட்காரவைத்தார். இருவருக்கும் தோள் தொட்டது. முழங்கால் எதிர்த் திண்டை இடிக்கவில்லை. தலைக்கு மேலே அவரவர் எண் மறைந்துகொண்டிருந்தது. பத்தொன்பதில் சுண்ணாம்புக்காரர் தானாக உட்கார்ந்தார். கொஞ்சம் நெருக்கமாக இருந்தது. அவர் பருமனான ஆள்.

“குண்டு விழுந்தா இன்னாக்கா, இப்படியே உட்காந்துக்கினு இருக்க வேண்டியதுதானா?” என்றார்.

“நீ ஒருத்தன் பக்கத்துல இருந்தா குண்டு வேற எதுக்கு?” என்றார் மில்லுக்காரம்மா.

அப்போதுதான் ஆய்வாளர் முதல் தடவையாகச் சிரித்தார். போகும்போது எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. பார்த்ததை எழுதுவேன் என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. மில்லுக்காரம்மாவுக்குப் போதவில்லை. பங்குனி வரைக்கும் வாரத்துக்கு இரண்டு தடவை கூப்பிட்டு ஏதாவது தெரிந்ததா என்று கேட்பார். கிணற்று மேட்டில் நட்ட கற்களைத் தினமும் போய்ப் பார்ப்பதாகவும், ஒரு நாள் வரட்டி தட்டிக் காயவைத்துவிட்டதாகவும் சொன்னார்.

சித்திரையில் கடிதம் வந்தது. அறை பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஆனியில் சர்வேக்காரர்கள் வந்து இரண்டு கற்களையும் பிடுங்கி வடக்கே இருபத்திரண்டு அடி தள்ளி நட்டார்கள். அங்கே இருந்தது பழைய மில்லின் சிமெண்டுத் தளம். அதை யாரும் வரலாறு என்று சொல்லவில்லை.

பலகைக்கான வாசகத்தைச் சரிபார்க்க எனக்கு அனுப்பினார்கள். ‘நூற்றுக்கணக்கான உயிர்களைக் காத்த’ என்று தொடங்கியது. இந்த ஊரில் குண்டு விழுந்ததற்கு ஆதாரம் இல்லை, ஆகவே உயிர் காத்ததற்கும் இல்லை என்று அந்த வரியை எடுக்கச் சொன்னேன். ‘நாற்பது பேர் அமரக்கூடிய’ என்பதும் கணக்குத்தான். கண்ணால் பார்த்தது பதினேழிலிருந்து இருபத்து மூன்று வரை. அதை அப்படியே போடச் சொன்னேன். மில்லுக்காரம்மாவுக்கு இதில் வருத்தம்.

“ஒரு உசுரக்கூட காப்பாத்தலயா சார்?”

தெரியாது என்றேன்.

“தெரியாதுன்னா வுட்டு வெக்கலாம் இல்ல? பாக்க வர்றவங்களுக்கு நல்லா இருக்கும்.”

வரி போய்விட்டது. ஆனால் அவர் வாய்க்கு நான் திருத்தம் போட முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் விழுப்புரத்திலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்கு அவர் என்ன சொல்கிறார் என்று நான் விசாரிப்பதில்லை. வளைவில் திரும்பும்போது தலையைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்பது மட்டும் தெரியும். கொத்தனாரைத் திட்டுவதை நிறுத்திவிட்டார். விதைக்காய் இப்போது வீட்டு முன்னறையில் இருக்கிறது. பூச்சி விழுகிறது என்று குறைப்படுகிறார். ஒற்றைப் பூச்சு அடித்திருந்த கோடியில் மட்டும், துறையிலிருந்து ஒருவர் வந்து ஒரு வாரம் உட்கார்ந்து சுண்ணாம்பை நீக்கினார். அந்த ஏழு எண்களும் இப்போது தண்ணீர் இல்லாமலே தெரிகின்றன. மற்றவற்றைத் தொட வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். மூன்று பூச்சை எடுத்தால் அடியில் இருப்பதும் போய்விடுமாம். நான் முதலில் பார்த்த அந்த வளைந்த கோடு எந்த எண்ணுடையது என்பது எனக்கு இன்னும் தெரியாது. ஒன்பதாக இருக்கலாம். எட்டாகவும் இருக்கலாம்.

போன ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் காலையில் மில்லுக்காரம்மாவிடமிருந்து அழைப்பு. மேட்டு மண் ஊறி, அறைச் சுவர் உள்பக்கம் வியர்த்துக்கொண்டிருக்கிறதாம்.

“பதினாறு தெரியுது சார். பதினஞ்சு பாதி வந்துக்கினு இருக்குது. போட்டோ எடுத்தா வரமாட்டேங்குது. காயறதுக்குள்ள வாங்க.”

கோலியனூர் போக மழையில் பேருந்து உண்டா என்று யோசித்துக்கொண்டே, கிணறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“நெறம்ப ரெண்டு படிதான் பாக்கி” என்றார். “சீக்கிரம் வாங்க சார்.”

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.